திடுக் சீட்டு

ஜூலை 2, செவ்வாய்

கம்பெனி வேலையில் சேர்ந்து இன்றோடு ஒரு மாதம். பணி ஓய்வுக்குப் பிறகு மூன்று வருடம் சும்மா இருந்த நாட்குறிப்புப் பழக்கத்தையும் திரும்ப ஆரம்பிக்கிறேன்.

ஊதியூர் சாலையில் இருக்கும் அந்த ஜப்பான் கம்பெனியின் பெயரை காங்கேயத்தில் யாரும் சொல்வதில்லை. கரிக் கம்பெனி என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். கொட்டாங்குச்சிக் கரியை வாங்கி, பெரிய உருளையில் நீராவி விட்டு வேகவைத்து, அமிலத்தில் கழுவி, காயவைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கரி எங்கோ ஓர் ஊரின் குடிநீரைச் சுத்தம் செய்கிறது.

என் வேலை கரியில் இல்லை, காகிதத்தில். அவர்கள் நாட்டு ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டாம். விபத்து நடந்த பிறகு எழுதுவதல்ல, நடக்கப் பார்த்து நடக்காமல் போனதை எழுத வேண்டும். நெஞ்சு சில்லிட்டது, திடுக்கிட்டது என்று பொருள்படும் ஒரு பெயர் அதற்கு. நம் ஆட்கள் அதைத் திடுக் சீட்டு என்று ஆக்கிவிட்டார்கள். ஒருவர் மாதம் இரண்டு எழுதி மஞ்சள் பெட்டியில் போட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் நான் வேனில் போய்ப் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் படித்து, ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் தயாரித்துப் பாதுகாப்பு மேலாளர் குரோக்கி சாரிடம் கொடுக்க வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் வேதியியல் விடைத்தாள் திருத்தியவளுக்கு இது பழகிய வேலைதான். ஒருவர் எழுதியிருந்தார்: "லிப்டு வண்டி பின்னாடி வந்துச்சு, நான் போன் பேசிட்டு இருந்தன், டிரைவர் அண்ணன் கெட்ட வார்த்தைல கூப்ட்டதால தப்பிச்சன்." கீழே 'நன்று' என்று எழுதினேன். கெட்ட வார்த்தையைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

குரோக்கி சார் கதவைத் தாண்டினாலும் படி இறங்கினாலும் ஒரு கணம் நிற்பார். விரலை நீட்டி, எதிரில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார். கண் பார்த்ததை விரலும் வாயும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டுமாம். முதலில் சிரித்த ஆட்களும் இப்போது அதையே செய்கிறார்கள்.

வீட்டில் சொன்னது தப்பாகப் போயிற்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். இரவு உணவு முடிந்ததும் அடுப்பு முன்னால் நின்று விரலை நீட்டினார். "அடுப்பு அணஞ்சுது." பிறகு என் பக்கம் திருப்பினார். "லோகு இன்னும் அணயல."

ஜூலை 12, வெள்ளி

ஜூன் மாதச் சீட்டுகளை இன்று எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு. அதில் அறுபத்தொன்று "தரையில் கரித்தூள் வழுக்கியது." ஆடை மாற்றும் அறையில் ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாதம் இரண்டு என்ற கணக்கை நிரப்ப வேண்டுமே.

ஒருமுறை பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டு மாணவிகள் ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடையை எழுதியிருந்தார்கள். சரியான விடை முப்பத்தெட்டுப் பேருக்கு ஒன்றாக வரலாம். தவறு அப்படி வராது. முதல் பெஞ்சில் ஒருத்தியைப் பிடித்ததும் எல்லாம் வெளியே வந்தது. கோபப்படவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னேன். அடுத்த தேர்வில் அந்த வகுப்பு சொந்தமாக எழுதியது.

அதையே இங்கும் செய்யப் போகிறேன். ஒரே மாதிரி வந்தால் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் 'காப்பி' என்று எழுதி அந்தந்தப் பிரிவின் தட்டில் திருப்பி வைத்துவிடுவது. என் நோட்டில் மட்டும் பெயர், தேதி, குறிப்பு இருக்கும். இதைக் குரோக்கி சாரிடம் சொல்லவில்லை. வகுப்புக்குள் நடப்பதை ஒவ்வொன்றாகத் தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டா இருப்போம்?

ஜூலை 19, வெள்ளி

திருத்தம் வேலை செய்கிறது. வழுக்கிய தரைகள் குறைந்துவிட்டன. நல்ல தண்ணீர் எட்டு நாளாக வரவில்லை. இன்று வந்தது. ஐந்து குடம், இரண்டு அண்டா.

ஜூலை 30, செவ்வாய்

மாதக் கடைசி. பெட்டி நிறைந்து மூடி நிற்கவில்லை. கழுவு பிரிவிலிருந்து ஆறு சீட்டுகள், ஆறிலும் ஒரே வரி: "கழுவு தொட்டி மூடியத் தொறந்து எட்டிப் பாத்தா தலை கிறுகிறுங்குது." கிறுகிறு என்ற சொல்கூட மாறவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பினேன்.

தேநீர் நேரத்தில் அந்த ஐவரில் ஒருவர் சீட்டும் கையுமாக வந்தார். நாச்சிமுத்து என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"டீச்சர், நான் காப்பி அடிக்கலீங்க."

"அப்புறம் எப்படிங்க ஆறு பேருக்கும் ஒரே வரி வந்துச்சு?"

தலையைச் சொறிந்தார். "எழுதற விதம் சாந்தாமணியக்கா சீட்டப் பாத்ததுதானுங்க. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. ஆனா எனக்குமே அப்படித்தானுங்க கிறுகிறுன்னுச்சு."

"காலைல சாப்பிட்டு வந்தீங்களா?"

"நம்புளுக்கு ஆறு மணி ஷிப்டுங்க. டீயோட வந்துருவன்."

"அதான் விஷயம். பள்ளிக்கூடத்துல திங்கட்கிழமை பிரேயர்ல நாலு பிள்ளைங்க மயங்கி விழும். விசாரிச்சா நாலும் வெறும் வயிறா இருக்கும். ரெண்டு இட்டிலியாச்சும் தின்னுட்டு வாங்க."

"செரிங்க டீச்சர்," என்று சிரித்தார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர். எதிர்த்துப் பேசத் தெரியாதவர்.

பட்டியலில் எழுதினேன்: கழுவு பிரிவு, தலைசுற்றல், ஒருவர். காலை உணவு உண்ண அறிவுரை வழங்கப்பட்டது. மொத்தச் சீட்டுகள் இந்த மாதம் தொண்ணூற்றாறு. இருநூற்றுப் பதினான்கிலிருந்து தொண்ணூற்றாறு என்றதும் குரோக்கி சார் முகம் மலர்ந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. கம்பெனிக்கு இன்றும் நாளையும் விடுமுறை. சித்ரான்னம் நான்கு வகை செய்தேன். புளிச்சோற்றில் உப்பு கூடிவிட்டது. வீட்டுக்காரர் தயிரை ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு வேன் ஓட்டுநர் போன் செய்தார். நாச்சிமுத்து கழுவு தொட்டிக்குள் விழுந்துவிட்டாராம்.

காலை ஷிப்டில் மாதிரி எடுக்கப் போயிருக்கிறார். தொட்டியின் மேல் மூடியைத் திறந்து, நீளக் கரண்டியை விட்டு, தோள் வரை உள்ளே குனிந்திருக்கிறார். அப்படியே தலைகுப்புறப் போய்விட்டார். உள்ளே ஈரக் கரிதான், ஆழமில்லை. அடிபடவில்லை. ஆனால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை. முகக்கவசமும் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு ஆள் இறங்கித் தூக்கி வருவதற்குள் நான்கைந்து நிமிடம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசம் வைத்திருக்கிறார்கள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முழுக்கட்டையும் ஆய்ந்து முடித்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

போனேன். நுழைவாயிலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகை உண்டு. வெள்ளிக்கிழமை 611 என்று இருந்தது. இன்று 1. மஞ்சள் பெட்டியைத் திறக்க வேண்டாம், விசாரணைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். திறக்கச் சொல்லாததில் எனக்கு ஏதோ ஒரு நிம்மதி. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

அரிசி புடைத்தேன். மெத்தைகளை வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேன் வந்தது. தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். உண்மையிலேயே கொஞ்சம் வலித்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசை. திரையில் ஜப்பான் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர். இங்கே குரோக்கி சார், மொழிபெயர்க்கப் பர்சனல் அதிகாரி, கழுவு பிரிவின் ஷிப்ட் பொறுப்பாளர் கோகிலவாணி, நான். கோகிலவாணி டிப்ளமா படித்த பெண், முப்பது வயதுக்குள்தான். சீருடையை இஸ்திரி போட்டு வந்திருந்தாள்.

மாதிரி எடுப்பதற்குத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு குழாய் இருக்கிறது. மூடியைத் திறக்கவே கூடாது என்பது விதி. நாச்சிமுத்து தன் இஷ்டத்துக்குத் திறந்தார், கோகிலவாணி மேற்பார்வை பார்க்கத் தவறினாள். அறிக்கையின் வரைவு இப்படித்தான் இருந்தது.

கோகிலவாணி எழுந்து நின்றாள். "சித்திரைல இருந்தே அந்தக் குழா அடச்சுக் கெடக்குதுங்க சார். மேல தொறந்துதான் எல்லாரும் எடுக்கறோம். தலை சுத்துதுன்னு எழுதியும் போட்டோம். ஆறு பேரு எழுதுனாங்க. அஞ்சு திரும்பி வந்துருச்சுங்க."

"யார் திருப்பியது?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியலீங்க சார்."

தெரியாது என்று சொன்னபோது அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

குரோக்கி சார் என் பட்டியலை எடுத்தார். தலைசுற்றல், ஒருவர் என்ற வரியில் விரல் வைத்தார். வேறு சீட்டுகள் வந்தனவா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அது பொய் இல்லை. எதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து சொல்வது தவறாகப் போகலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

பீரோவை ஒழுங்குபடுத்தினேன். பட்டுப் புடவைகளை மடிப்பு மாற்றி வைத்தேன். நோட்டு கண்ணில் பட்டது. புடவைகளுக்கு அடியில் வைத்தேன், தூசி படாமல் இருக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 15, வியாழன்

நாச்சிமுத்து கண் விழித்துவிட்டார் என்று வேன் ஓட்டுநர் சொன்னார். மனைவியை அடையாளம் தெரிகிறதாம். பேச்சு குழறுகிறதாம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். தேங்காய் சரியாக உடையவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திரும்பும் வேனில் கோகிலவாணி என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால் உட்கார்பவள். ஊதியூர் மலை தாண்டியதும் பேசினாள்.

"நான் உங்க பேரச் சொல்லலீங்க டீச்சர்."

நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணும்னா பண்ணுனீங்க? ஒருத்தரப் பாத்து ஒருத்தரு எழுதறதும் உண்டுதான். எங்க ஆளுக என்ன யோக்கியமா?" சிரிக்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு வேற பிரிவு மாத்திக் குடுத்துருவாங்களாம். போனா போகுது. ஆனா வர்ற திங்கக்கிழமை தொட்டிய ஓட்டறாங்க. உள்ள எறங்கறதுக்கு மட்டுந்தான் புதுசா பர்மிட்டு, காத்த அளக்கற மீட்டரு எல்லாம். எட்டிப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. குழா இன்னும் அடச்சேதான் கெடக்குது. ஒரு ஆளு அவனா தொறந்து அவனா உளுந்தான், அவ்வளவுதான்னு முடிச்சுட்டாங்க. திங்கக்கிழமை மொத ஷிப்டு சாந்தாமணியக்காவோடதுங்க."

இறங்கும்போது, "வரனுங்க டீச்சர்," என்றாள். எப்போதும் போலத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 21, புதன்

வீட்டுக்காரருக்கு இட்டிலி வைக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். உங்கள் ஆபீசில் ஒரே தெருவிலிருந்து ஆறு பேர் ஒரே புகாரைச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று.

"என்ன செய்வோம்? ஓடுவோம். கம்பி அறுந்து கெடக்குதுன்னு அர்த்தம்."

"ஆறு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்லியிருந்தா?"

இட்டிலியைப் பிட்ட கை நின்றது. "ஏம்புள்ள, கம்பி அறுந்து கெடந்தா தெருக்காரங்க பேசிக்க மாட்டாங்களா? பேசிக்கத்தான் செய்வாங்க."

சட்னி போட மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

நோட்டை எடுத்தேன்.

ஜூலை 30ஆம் தேதிப் பக்கம். பெயர், சீட்டிலுள்ள தேதி, குறிப்பு என்று மூன்று கட்டம். என் கையெழுத்து அழகாக இருக்கிறது. எப்போதுமே அழகுதான்.

சாந்தாமணி, ஜூலை 1. வேலுமணி, ஜூலை 8. மாரிமுத்து, ஜூலை 15. கந்தாயி, ஜூலை 15. ரங்கநாதன், ஜூலை 22. நாச்சிமுத்து, ஜூலை 29.

பெட்டியில் மாதக் கடைசியில்தான் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். நடந்தது ஒரே நாளில் இல்லை. இந்தத் தேதிகளை என் கையால் நானே எழுதியிருக்கிறேன். எழுதியவள் படிக்கவில்லை. வரியைத்தான் படித்தேன், வரி ஒன்று போல இருந்ததால்.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறும் திங்கட்கிழமை.

சனிக்கிழமை மாலை தொட்டியை மூடிவிட்டுப் போகிறார்கள். ஞாயிறு முழுவதும் ஈரக் கரி மூடிய தொட்டிக்குள் கிடக்கிறது. மூடிய இடத்தில் ஈரக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தன் மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் முதல் ஆள் மூடியைத் திறந்து தலையை உள்ளே விடும்போது அங்கே காற்று என்று இருப்பது காற்றே இல்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, ஆடிப் பெருக்குக்கும் சேர்த்து இரண்டு நாள் மூடிக் கிடந்தது.

கரி வாயுக்களை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று வருடா வருடம் பதினோராம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வெறும் வயிறு என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். இல்லை, ஒன்றை எழுதிவிட வேண்டும். 13ஆம் தேதி "பார்த்துச் சொல்கிறேன்" என்று நான் சொன்னது பொய்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெட்டிப் பக்கம் போகவில்லை. நேராகக் குரோக்கி சார் அறைக்குப் போனேன். நோட்டை அவர் மேசையில் திறந்து வைத்தேன். ஆறு சீட்டுகள் வந்தன, ஐந்தை நான் திருப்பினேன், அப்படி ஒரு விதியை நானாகவே ஏற்படுத்திக்கொண்டேன், கோகிலவாணி சொன்னது சரி என்றேன். காரணம் சொல்ல வாயெடுத்தேன். பத்தாம் வகுப்பு மாணவிகளின் கதை நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண் தெரியும். மேசை நாட்காட்டியை ஜூலைக்குத் திருப்பினார். வாசலில், படியில், இயந்திரத்தின் முன்னால் செய்வது போலவே விரலை நீட்டி முதல் தேதியைக் காட்டி வாய்விட்டுச் சொன்னார். திங்கள். அடுத்த தேதி. திங்கள். ஆறு முறை சொன்னார்.

நாட்காட்டியை ஆகஸ்டுக்குத் திருப்பி வைத்தார். பிறகு மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். சீட்டுகள் பாதியாகக் குறைந்தபோது ஏன் குறைந்தன என்று கேட்டிருக்க வேண்டியது அவர் வேலையாம். கேட்கவில்லையாம். எண்ணிக்கை குறைந்தது என்று தலைமை அலுவலகத்துக்கு மகிழ்ச்சியோடு எழுதினாராம்.

அது என் பங்கைக் குறைக்காது என்றேன். ஆமாம், குறைக்காது என்றார். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் மரியாதை வந்தது.

நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். அதைப் பிறகு பேசலாம், முதலில் ஆட்களிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் ஆலைகளில் அப்படித்தானாம். தவறு நடந்த இடத்தில், தவறு செய்தவர் வாயால்.

நான் அறையில் இருக்கும்போதே போனை எடுத்துத் திங்கட்கிழமை தொட்டியை ஓட்டுவதை நிறுத்தினார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை ஏழு ஐம்பதுக்குக் கூட்டம். நூற்று நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். கைகால் நீட்டும் உடற்பயிற்சி முடிந்ததும் என்னை முன்னால் கூப்பிட்டார்கள்.

எத்தனையோ வருடம் பிரேயர் மேடையில் பேசியிருக்கிறேன். இன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆறு பேரின் பெயரையும் தேதியையும் படித்தேன். அவர்கள் எழுதியது உண்மை, நான் அதைக் காப்பி என்று திருப்பினேன், நாச்சிமுத்து கேட்க வந்தபோதும் கேட்டுக்கொள்ளவில்லை என்றேன். ஒரு வரி ஆறு பேரிடமிருந்து வந்தால் அது ஆறு மடங்கு உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் ஆறில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டேன் என்றேன். மன்னியுங்கள் என்றேன்.

கலைந்து போகும்போது சாந்தாமணி என்னைத் தாண்டிப் போனாள். நின்றாள். "எனக்கு மூணு நாளு தலைவலி விடலீங்க, ஜூலைல. தெரியுங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். போய்விட்டாள்.

பக்கவாட்டுக் குழாயைக் கழற்றி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கோகிலவாணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை. மாதக் கடைசி.

நான் நிற்பதா தொடர்வதா என்று குரோக்கி சாரைக் கேட்டேன். வருகிற செவ்வாய் ஒரு சீட்டு வந்தால் அதைப் படிக்க ஆள் வேண்டும் என்றார். வராவிட்டால்? அதற்கும் ஆள் வேண்டும் என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இரண்டு சீட்டு. இரண்டும் ரங்கநாதன் எழுதியவை. ஒன்றில் தேதிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நாச்சிமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் போக வேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வந்துகொண்டிருந்தது. இன்று வேலை எதுவும் வரவில்லை. குண்டடம் பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

நாச்சிமுத்து வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். அவர் மனைவி குணவதி சத்தமாக, பிரித்துப் பிரித்துச் சொன்னார்: "டீச்சர் வந்திருக்காங்க. கம்பெனில சீட்டுப் படிப்பாங்கல்ல, அவங்க." நாச்சிமுத்து எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

ஜூலை மாதமே அவர் நினைவில் இல்லை. தொட்டியும் இல்லை, என் அறை வாசலில் வந்து நின்றதும் இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார், இன்னொருவர் கதையைக் கேட்பது போல.

"சீட்டு எழுதுனது... நானுங்களா?"

"நீங்கதான். தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தா தலை கிறுகிறுங்குதுன்னு எழுதியிருந்தீங்க. நான் அதக் காப்பின்னு திருப்பிட்டேன். என் தப்பு அது."

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "காப்பியாத்தானுங்க இருக்கும் டீச்சர். எனக்கு அத்தனை எழுத வராது. யாரோடதாச்சும் பாத்துத்தான் எழுதியிருப்பன். நீங்க போட்டதுல தப்பில்லீங்க."

"எழுத்து யாரோடதா வேணா இருக்கட்டும். தலை சுத்துனது உங்களுக்கு."

"செரிங்க டீச்சர்," என்று சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்லும் சிரிப்பு. அவர் நம்பவில்லை. தன் தலை சுற்றியதைவிட நான் போட்ட குறிதான் அவருக்குப் பெரிது.

குணவதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இப்படியேதானுங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து வர்றவங்க கிட்ட எல்லாம் மன்னிப்புக் கேக்கறாரு. என் தப்புனாலதான் உளுந்துட்டேங்கறாரு. எத்தனவாட்டி சொன்னாலும் மக்கியா நாளு மறந்துபோயிருது. வாயில சொன்னா நிக்காதுங்க. எழுதிக் குடுங்க. தெனம் படிக்கட்டும்."

மகளின் நான்கு கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். நடந்ததைப் பெரிய எழுத்தாக எழுதினேன். ஆறு வரி வந்தது.

அவர் தாளை மடியில் வைத்து, வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்தார். நா-ச்-சி-மு-த்-து என்ற இடத்தில் நிமிர்ந்து குணவதியைப் பார்த்தார். குணவதி தலையாட்டினார். இரண்டு வரி முடிவதற்குள் வியர்த்துவிட்டது.

"மீதி நாளைக்கிங்களா டீச்சர்?"

சரி என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

பத்தேகால் பஸ்ஸில் போனேன். நேற்றுப் படித்தது மறந்துபோயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்று நான்கு வரி. தவறு யாருடையது என்பதை ஐந்தாவது வரியில் எழுதியிருக்கிறேன். விரல் அங்கே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு எரியுதுங்க," என்றார்.

நாளை செவ்வாய், கம்பெனி வேலை உண்டு. அதற்குப் பிறகு மூன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறதாம். குணவதியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.